மூலப்படி இல்லாத அடுப்படி

மெய்நிகர்க் கருவியைக் கண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. செய்தித்தாளில் அப்படித்தான் போடுகிறார்கள், பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளும் அதையே சொல்கிறது, விவரம் தெரிந்த என் மகளும் அதையே சொன்னாள். இந்தப் பிழை மேலும் பரவுவதற்குள் திருத்தப்பட வேண்டும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: அது மாட்டப்படுவது மூக்கில். கண்ணுக்கு இதில் ஒரு பாடும் இல்லை, உள்ளே குளுகுளுவென்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. அரைக் கிலோச் சுமையைத் தாங்குவதெல்லாம் மூக்குத்தண்டு. தமிழ் இதை எப்போதோ புரிந்துகொண்டு மூக்குக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டது, நாம்தான் மறந்துவிட்டோம். பாடநூல் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்ற மூக்குக்கு எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு மறுநியமனம். மணி மூன்றே முக்கால். சௌந்தரம் கீழ் வீட்டு மெஹருன்னிசாவோடு தையற்கடைக்குப் போயிருக்கிறாள், நாளைக்குக் கட்டும் புடவைக்கு ரவிக்கை வாங்க, ஐந்தரைக்குள் வந்துவிடுவாள். நாளை எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது வருஷம் நிறைகிறது. காலையில் கோயம்புத்தூர் ரயிலிலிருந்து எங்கள் மகள் வேனி வந்து இறங்குவாள், அம்மாவை இந்த மடிப்பாக்கம் வீட்டுக் கூடத்தில், இதே நாற்காலியில் உட்காரவைத்து, இதே கருவியை மாட்டி, நாங்கள் இருபத்தாறு வருஷம் குடியிருந்து இப்போது இடித்துத் தரைமட்டமாகிவிட்ட கே.கே. நகர் குடியிருப்பின் மூன்றாம் மாடி வீட்டைக் காட்டுவாள். இளவேனில் என்று பெயர் வைத்தது நான், அதை வேனி என்று வெட்டியது அவள் அம்மா, பொருள் கெட்டுவிட்டது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளை, வாங்க வருகிறவர்களுக்கு இந்தக் கருவிக்குள் கட்டிக்காட்டுவது அவள் உத்தியோகம். கட்டாததையே காட்டுகிறவளுக்கு இடித்ததைக் காட்டுவது பெரிய காரியமில்லை. மூன்று நாளாக, அவள் அனுப்பிய பெட்டி என் அலமாரியில் அகராதிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சௌந்தரம் அங்கே கை வைக்கமாட்டாள். அவள் இடத்தில் நான் கை வைத்ததில்லை, என் இடத்தில் அவள் கை வைத்ததில்லை. ஐம்பது வருஷம் சண்டையில்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று நம்பியிருந்தேன், இன்று மதியம் வேனி தொலைபேசியில் கூப்பிடும்வரை.

பட்டையை இறுக்கினால் நெற்றி வலிக்கிறது, தளர்த்தினால் எழுத்து கலங்குகிறது, நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடித்தேன். கூடம். மொசைக் தரை, பச்சையும் வெள்ளையும் சிவப்பும் கலந்த பொடிக்கல், மழை நாளில் அதில் கால் வைத்தால் பல்லுவரைக்கும் சில்லிடும். ஜன்னல் கம்பி, கம்பிக்கு அப்பால் தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளை, கிளையில் வெயில். கழுத்தைத் திருப்பினால் வீடும் சேர்ந்து திரும்புகிறது, அண்ணாந்தால் மின்விசிறி, அதன் ஓர் இறக்கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, அப்படித்தான் இருந்தது, புகைப்படத்தில் அதைக் கவனித்து வளைத்திருக்கிறாள் என் பெண். இந்தக் கருவிக்குச் சேரவேண்டிய புகழை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆல்பத்தில் அந்த வீட்டை நூறு தடவை பார்த்திருக்கிறேன், அங்கே வீடு என் மடியில் இருக்கும். இங்கே வீட்டின் மடியில் நான் இருக்கிறேன். உத்தரம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது கழுத்துக்கு ஞாபகம் வந்தது. கதவு நிலையில் வேனி வளர வளர நான் பென்சிலால் போட்ட கோடுகள், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் எழுதிய தேதிகூட இருக்கிறது. கணினிப் பாடப் புத்தகம் ஒன்றில் மெய்நிகர் என்பதை மெய்நகர் என்று அச்சுக் கோத்துவிட்டார்கள், நான் சிவப்பு மையில் சுழித்தேன், அப்போது எவ்வளவு பெருமிதம். இங்கே உட்கார்ந்து பார்த்தால் கோத்தவன் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று படுகிறது. ஆனால் குனிந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எனக்குக் கால் இல்லை. நாற்காலி இருக்கிறது, தரை இருக்கிறது, நடுவில் நான் இல்லை. கால் தரையில் பாவாதவர்களை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மணிக்கட்டோடு வெட்டிய மாதிரி இரண்டு கை மட்டும் சாம்பல் நிறத்தில் காற்றில் மிதக்கிறது. மோதிரமும் இல்லை. மடியில் வைத்திருந்த தொலைபேசியிலிருந்து வேனியின் குரல் வந்தது, நான் பார்ப்பதெல்லாம் கோயம்புத்தூரில் அவள் கணினியிலும் தெரிகிறதாம். "அப்பா, ஏன் தரையையே பாக்கறீங்க?" என்றாள். "காலைத் தேடறேன்" என்றேன். அவள் சிரித்தாள். எல்லாருக்கும் அப்படித்தான், கம்பெனிக்காரன் கை மட்டும்தான் கொடுத்திருக்கிறான் என்றாள். காலைக் கொடுத்திருந்தால் நானே நடந்திருப்பேன். இதில் நடக்க முடியாது, கையிலுள்ள குச்சியால் ஓர் இடத்தைச் சுட்டிப் பொத்தானை அமுக்கினால் அங்கே போய்ச் சேர்ந்திருப்போம். அந்த வீட்டில் அப்படித் தாவித்தாவிப் போனவள் வேனி ஒருத்திதான், அதுவும் ஆறு வயதுவரை. கூடவே வியர்வை வேறு. மடிப்பாக்கத்து மே மாதத்தை வெளியே நிறுத்திவைக்க இந்தக் கருவிக்குத் தெரியவில்லை, கண்ணாடி வில்லையில் ஆவி படிகிறது, ஜன்னல் வெயிலில் மேகம் வருகிறது. வாசனையும் இல்லை. மூன்றாம் மாடியில் மதியம் நாலு மணிக்கு என்ன வாசனை வரும் என்று யோசித்துப் பார்த்தேன், அது வந்த திசைதான் முதலில் ஞாபகம் வந்தது, எனக்குப் பின்னால், இடது பக்கம். அங்கேதான் சிக்கல்.

மதியம் அவள் கூப்பிட்டுச் சொன்னது இது. ஆல்பங்களிலிருந்து இருநூற்றுப் பதினாலு புகைப்படம் எடுத்திருக்கிறாள். கூடத்தில் எடுத்தவை, மொட்டை மாடியில் எடுத்தவை, பிறந்தநாள், சரஸ்வதி பூஜை, என் அச்சகத்து நண்பர்கள் சாப்பிட வந்தது. அடுப்படியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சாப்பிட வந்தவர்களை எடுத்திருக்கிறோம், சமைத்த இடத்தை யார் எடுப்பார்கள். அவளுக்கும் ஜன்னல் மட்டும்தான் நினைவிருக்கிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் படிக்கப் போ என்று அம்மா விரட்டிவிடுவாளாம். அதனால் இப்போதைக்குத் தன் கம்பெனிக் கையிருப்பிலிருந்து ஓர் அடுப்படியை எடுத்து அங்கே வைத்திருக்கிறாள். நான் சுட்டித் தாவிப் போய்ப் பார்த்தேன். இழுப்பறைகள், புகைபோக்கி, நாலு பர்னர், கண்ணாடிக் கதவுக்குள் விளக்கு. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வெள்ளைக்காரி எலுமிச்சைப் பழம் அடுக்கிவைக்கும் இடம். "நீங்க சொல்லுங்கப்பா, எது எது எங்கே இருந்துச்சுன்னு. ஆறு மணிக்குள்ள சொன்னாப் போதும், ராத்திரி ரயில்ல உக்காந்து மாத்திடறேன். அம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுடும்." கேட்டுவிடலாம் என்றால்கூட நான் எந்த முகத்தோடு கேட்பேன். சௌந்தரம் கோபத்தில் கத்துகிறவள் இல்லை, அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அதை எடுத்துத் துடைத்து வைப்பாள்: "அடுப்படி எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?" நான் அதற்குப் பதில் சொன்னதில்லை. விடை எதிர்பாராத வினா, அந்த இடத்தில் கேள்விக்குறி போடலாமா கூடாதா என்று மட்டும் யோசிப்பேன், ஒருதடவை வாய்விட்டும் சொன்னேன், இரண்டு நாள் பேச்சில்லை. நாளைக் காலை அதே கேள்வி நாலு சுவரும் கூரையுமாக எழுந்து நிற்கப்போகிறது. கழுத்தைத் திருப்பிய முதல் நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும், இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் ஒருதடவையாவது உள்ளே பார்த்தானா இல்லையா என்று. வேனியின் மேல் அவள் வருத்தப்படமாட்டாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் வியர்வை கூடுகிறது. மெய்ப்புத் திருத்துவது எளிது என்று நினைக்கிறார்கள். ஒரு கையில் மூலப்படி இருந்தால் எளிதுதான். ஆசிரியர் எழுதிக்கொடுத்தது ஒரு பக்கம், அச்சில் வந்தது ஒரு பக்கம், இரண்டையும் ஒப்பிட வேண்டியது, அவ்வளவே. மூலப்படி தொலைந்துபோன புத்தகத்தை என்ன செய்வது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இடிபாட்டு லாரியில் ஏறிப் போய்விட்டது அது.

கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு செலவழித்து வாங்கிய கருவிக்குள் கண்ணை மூடுவது மரியாதைக் குறைவுதான், ஆனால் ஆவி படிந்த வில்லையில் அந்த வெள்ளைக்காரி அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இருட்டு மேல். இருட்டில் முதலில் வந்தது என் குரல். சோழ மன்னன் காற்புள்ளி தன் குளத்தைக் காக்கும் பொருட்டுப் போர் தொடுத்தான் முற்றுப்புள்ளி. அச்சகத்தில் வேலை மிஞ்சிப்போகும் நாட்களில் மெய்ப்புத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். கண் மோசக்காரக் கருவி, இருக்க வேண்டியதைப் படித்துக்கொண்டு போய்விடும், இருப்பதைப் படிக்காது. அதனால் வாய்விட்டுப் படிப்பேன், புள்ளி கமா எல்லாம் சேர்த்து. கூடத்து ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் நான், பின்னால் அடுப்படியில் அவள். பத்தாவது வரைக்கும் படித்தவள். நான் படித்துக்கொண்டே போவேன், எங்காவது வாக்கியம் இடறினால் உள்ளேயிருந்து "என்னது?" என்று வரும். அந்த ஒரு சொல்தான். நான் நிறுத்திப் பார்ப்பேன், பிழை இருக்கும். அன்றைக்கு "என்னது?" வரவில்லை, "நல்ல ராஜா" என்று வந்தது. ஏன் என்று கேட்டேன். குளத்துக்காகச் சண்டை போடறாரே, நம்ம ஊர்ல யாரு போடறா, என்றாள். மூலப்படியைப் புரட்டினால் குலத்தை என்று இருக்கிறது. திருத்த மனசே வரவில்லை, திருத்தினேன். இப்போது கேட்டேன், ஒரு "என்னது?" இல்லை, ஆயிரம், ஒவ்வொன்றும் ஓர் இடத்திலிருந்து வந்தது. குழாய்ச் சத்தத்தோடு கலந்து வந்தது என் இடது காதுக்கு நேர் பின்னால், ஆகவே தொட்டி கதவை ஒட்டி. குக்கர் விசில் அதற்கும் அப்பால், சுவரில் மோதித் திரும்பி வரும், ஆகவே அடுப்பு உள் மூலையில். தரையிலிருந்து எழும்பி வருவது ஒன்று, கூடவே அரிவாள்மணையில் வாழைக்காய் சறுக்கும் ஓசை, அது நடுவில், ஜன்னல் வெளிச்சத்துக்காக. கொஞ்சம் மங்கி, எனக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்துச் சொல்கிற மாதிரி வருவது ஒன்று, அது ஜன்னலில். எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியாது, பின் வாசலில் முருங்கை இருந்ததா, எதிர் வீட்டு மாடியா, கேட்டதே இல்லை. "வேனி, எழுதிக்கோ" என்றேன். தொட்டி, அடுப்பு, அரிவாள்மணை, ஜன்னல் என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டு போனேன், அவள் ம் ம் என்று விசையைத் தட்டும் ஓசை கேட்டது, அப்பா எப்படிப்பா என்று நடுவில் ஒருதடவை கேட்டாள், அதற்குள் இன்னொரு சத்தம் வந்துவிட்டது. கர்ர் என்று தரையில் ஏதோ இழுபடும் சத்தம். அப்புறம் ஒரு நொடி மௌனம். அப்புறம் உயரத்திலிருந்து டப் என்று ஒரு டப்பா மூடி திறக்கும். டப் என்று மூடும். மறுபடி கர்ர். தினமும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

முக்காலி. டப்பாக்கள் இருந்த பலகை அவளுக்கு எட்டவில்லை. சௌந்தரம் குள்ளம், கல்யாண ஃபோட்டோவில் அவளைப் பலகைமேல் நிறுத்தித்தான் எடுத்தார்கள், அந்தப் பலகையை ஃபோட்டோவில் வெட்டிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பருப்பை எடுத்து, இறங்கி, முக்காலியைத் தள்ளியிருக்கிறாள், வேனி வயிற்றில் இருந்தபோதும் ஏறியிருப்பாள், மௌனமான அந்த ஒரு நொடி அவள் ஏறுகிற நொடி. நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டேன். படிக்கும்போது அந்த முக்காலியை இழுக்காதே, கவனம் சிதறுகிறது என்று சொன்னேன். அதற்கப்புறம் கர்ர் நின்றுவிட்டது, நான் படிக்கும் நேரங்களில். தூக்கி வைத்திருப்பாள். தச்சரைக் கூப்பிட்டு இரண்டு ஆணியைப் பிடுங்கி ஓரடி கீழே அடித்திருந்தால் அரை நாள் வேலை. இழுபடும் ஓசையைத் திருத்தினேன், பலகையை விட்டுவிட்டேன். மெய்ப்புத் திருத்துவதில் இதற்கு ஒரு பெயர் உண்டு, வேண்டாம். வேனியிடம், கதவுக்கு எதிர்ச் சுவரில் ஆறடிக்கு மேல் ஒரு பலகை போடு, அதில் பன்னிரண்டு எவர்சில்வர் டப்பா, கீழே ஒரு முக்காலி என்றேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப உயரம்ப்பா, அம்மாவுக்கு எட்டாதே என்றாள். எட்டாது என்றேன். அப்புறம், அவள் அம்மாவின் பெண் அவள், மெதுவாகக் கேட்டாள்: "கீழ இறக்கிடட்டுமா? ஒரு நொடி வேலை. யாருக்குத் தெரியப்போகுது?" எனக்கு ஆசையாக இருந்தது. இறக்கிவிட்டால் நாளைக்குச் சௌந்தரம் கையை நீட்டுவாள், பலகை கைக்கு வரும், அட, எட்டுதே என்பாள், ஞாபகம்தான் தப்பு போலிருக்கு என்று நினைத்துக்கொள்வாள். உயரத்தில் வைத்தால் அவள் அண்ணாந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவாள், கருவியை மாட்டிக்கொண்டே திரும்புவாள், இந்த மனுஷனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அடுப்படி எந்தப் பக்கம் என்றே தெரியாதவன் என்பது பரவாயில்லாத பெயர். ஐம்பது வருஷம் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறேன். கண்ணைத் திறந்தேன். ஆவிக்கு அப்பால் பலகை நின்றது, என் சாம்பல் கைகள் அதை நோக்கி மிதந்தன. "இறக்காதே. மூலத்தில் உள்ளபடியே போகட்டும்" என்றேன். முக்காலி நடுவில் கிடக்கிறதே, அம்மா இடித்துக்கொள்ளமாட்டாளா என்றாள். "இதிலதான் யாருக்கும் காலே இல்லையே" என்றேன்.

டப்பாக்களில் பெயர் வெட்டியிருக்குமே, அதையும் போட்டுவிடலாமா என்று அவள் கேட்டபோதுதான் உறைத்தது. மூலப்படி முழுதும் தொலையவில்லை, பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது, பத்தடி தூரத்தில். அந்த டப்பாக்கள் எங்களோடு இந்த வீட்டுக்கு வந்திருக்கின்றன. கருவியைக் கழற்றினேன், கூடம் தட்டையாக வெளுத்துப்போய்த் தெரிந்தது, எழுந்த வேகத்தில் டீப்பாயில் முழங்கால் இடித்தது, கால் இருப்பது நல்லதுதான். வேனி பிறந்த வருஷம் பாத்திரக் கடையில் வாங்கியது அந்த வரிசை. பெயர் வெட்டும் ஆள் ஊசியை வைத்துக் கிர்ரென்று சக்கரை என்று தொடங்கினான், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை, ர் வேண்டும். ஒரு புள்ளி எழுத்துக்கு என்ன சார், தின்னப்போவது அதையா என்றான். பன்னிரண்டுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தேன், அந்த அடுப்படிக்கு என்னால் ஆன ஒரே கைங்கரியம். சமையலறைக் கதவைத் திறந்தேன், இந்த வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன், விளக்குச் சுவிட்சைத் தேடினேன். இங்கே பலகை அவள் மார்புயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டும் வரிசையாக, பளபளவென்று, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல். படம் எடுத்து அனுப்பினேன். உள்ளேயும் பார்த்துவிடலாம் என்று திறந்தேன், திறந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். துவரம் பருப்பில் கடலைப் பருப்பு. மிளகில் கடுகு. சர்க்கரையில் ரவை. மல்லி என்பதைத் திறந்தால் உடைந்துபோன ஒரு வளையல், மூன்று ஊக்கு. உப்பு என்று வெட்டிய டப்பாவில் சர்க்கரை இருக்கிறது, உப்போ பெயரே இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் அநாதையாக. பன்னிரண்டில் பதினொன்று பிழை, என் வாழ்நாளில் இப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. வேனியிடம் சொன்னேன். மூடி மூடித்தானே இருக்கு, உள்ள என்ன இருந்தா என்னப்பா என்று சொல்லிவிட்டு, ரயிலுக்குப் பெட்டி கட்டவேண்டும் என்று வைத்துவிட்டாள். அவள் தலைமுறைக்கு வெளித்தோற்றம் போதும். எனக்கு மணி நாலே முக்கால், கையில் முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த வீட்டுப் பலகையைத்தான் இறக்கவில்லை, இதையாவது திருத்தலாம். செய்தித்தாளை விரித்தேன். ஒவ்வொன்றாகக் கொட்டி, துடைத்து, பெயருக்குரிய பொருளைப் பெயருக்குள் சேர்த்தேன், கடுகு கடுகுக்கு, மிளகு மிளகுக்கு, ரவைக்கு ஒரு பாட்டில் தேடிக் கண்டுபிடித்தேன், சர்க்கரையைச் சர்க்கரையில் கொட்டினேன், ஜாடியிலிருந்த உப்பு உப்புக்குப் போனது. டப்பாக்களை அதனதன் இடத்திலேயே, ஓர் அங்குலம் பிசகாமல் வைத்தேன். இடுப்பு வலித்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்கு ஏதோ செய்திருக்கிறேன் என்று இருந்தது, அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன், அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் பார்த்தேன், அடுத்த வீட்டு மாடிக் கொடியில் யாருடையதோ பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது கருவி அகராதிகளுக்குப் பின்னால் போயாகிவிட்டது, நான் நாற்காலியில். சௌந்தரம் ரவிக்கைப் பையோடு உள்ளே வந்தாள். கைப்பிடிப்பு இறுக்கமாம், தையற்காரரிடம் மெஹருன்னிசா சண்டை போட்டுப் பிரித்துத் தைக்கவைத்தாளாம், ஆட்டோவே கிடைக்கவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, கண்ணைச் சுத்திக் கோடு?" "தலகாணி" என்றேன். "தலகாணி மூக்கு மேலயா?" என்றாள், பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். விளக்குச் சுவிட்ச். குழாய். பால் பாத்திரம் அடுப்பில் ஏறியது. டிகாஷன் ஊற்றும் ஓசை. முக்காலி இல்லை, இந்த வீட்டில் முக்காலியே கிடையாது. ஒரு மூடி டப் என்று திறந்தது, கரண்டி இரண்டுதடவை உள்ளே போய் வந்தது, பார்க்காமலே எடுக்கிற கையின் வேகம் அது, டப் என்று மூடியது. இரண்டு டம்ளரோடு வந்து எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

காப்பியில் உப்பு இருந்தது.